ஏசி அவுட்டோர் ஃபேன் உறுமுகிறது, சுற்றவில்லை: மோட்டாரை மாற்ற வேண்டுமா?

அவசரப்படாதீர்கள். உறுமல் கேட்டால் மோட்டாருக்கு மின்சாரம் போகிறது என்று அர்த்தம். பெரும்பாலும் கோளாறு, மோட்டாரைச் சுழலவைக்க உதவும் கெபாசிட்டரில்தான். பிரேக்கரை அணைத்துவிட்டு, கெபாசிட்டரில் தங்கியிருக்கும் மின்னூட்டத்தை ரெசிஸ்டர் வைத்து இறக்குங்கள். இதில் மட்டும் சோம்பல் கூடாது. பிறகு அதன் ஒயரைக் கழற்றி, மின்னூட்டம் தேக்கும் திறன் எவ்வளவு என்று மல்டிமீட்டரில் பாருங்கள். 5 மைக்ரோஃபாரட் என்று போட்டிருப்பது 3 காட்டினால் அதை மாற்றினாலே போதும். (இன்வர்ட்டர் மாடலின் டிசி மோட்டாருக்கு இந்தச் சோதனை பொருந்தாது.)

கெபாசிட்டர் சரியென்றால் இறக்கையைக் கையால் சுற்றுங்கள். இறுகியிருந்தால் பேரிங் போயிருக்கும். மோட்டாருக்குள் இருக்கும் கம்பிச்சுற்றுக்கும் (வைண்டிங்) அதன் பாடிக்கும் இடையே மின்தொடர்பு (கன்டினியூட்டி) இருப்பதாக மீட்டர் காட்டினால் மோட்டார் முடிந்த கதை. புதியதில் வோல்ட், ஆம்பியர், ஆர்பிஎம் (நிமிடத்துக்கு எத்தனை சுற்று), ஷாஃப்ட் விட்டம் எல்லாம் பழையதோடு பொருந்த வேண்டும். முக்கியமாகச் சுற்றும் திசை: மாறிப்போனால் ஃபேன் ஓடும், வெப்பம் சரியாக வெளியேறாது, கம்ப்ரஸர் அவதிப்படும்.