பாட்டி சேலையின் ஜரிகை முழுக்கத் தங்கமா?

மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்துக் குடும்பங்களில், பாட்டியின் காஞ்சிபுரச் சேலையைப் பிரிக்கும்போதெல்லாம் எழும் கேள்வி இது. முழுத் தங்கம் இல்லை. ஜரிகை என்பது உலோகம் போர்த்திய நூல்.

தங்கக் கம்பியையே நெய்தால் துணி விறைக்கும், மடிப்பில் கம்பி முறியும், செலவும் தாங்காது. அதனால் வெள்ளிக் கம்பியைத் தட்டையாக்கி, பட்டு நூல்மேல் சுருளாகச் சுற்றி, தங்க முலாம் பூசினார்கள். பூப்பந்து மட்டையின் கைப்பிடிக்கு நாடா சுற்றுவதுபோல. வளைந்து கொடுப்பது உள்ளிருக்கும் பட்டு. மின்னுவது மேலிருக்கும் பொன்.

சீனரும் ஜப்பானியரும் காகிதத்தில் தங்கத் தகடு ஒட்டிக் கீற்றாக நறுக்கினார்கள். இடைக்கால ஐரோப்பாவிலோ விலங்குக் குடலின் சவ்வில் பொன் ஏற்றினார்கள். எனக்கு மிக வியப்பானது இந்தக் குடல் சவ்வுதான். மலாய்க்காரர்கள் நெய்யும் திரெங்கானு சொங்கெட் துணியின் பூக்களும் உலோக நூலால் ஆனவையே.

கறுத்துவிட்டால் போலி என்று பலர் ஒதுக்கிவிடுகிறார்கள். காற்றிலுள்ள கந்தகம் பட்டால் அசல் வெள்ளியும் கறுக்கும்.