கண்ணாடியில் மூக்கை உரசும் நீர் ஓணான்

கேள்வி: ஆயர் ஈத்தாமில் அடுக்குமாடி வீடு ஒன்றில் குடியிருக்கிறோம். வாட்டர் டிராகன் எனப்படும் பச்சை நிற நீர் ஓணான் ஒன்றை என் மகன் மூன்று ஆண்டுகளாக வளர்த்து வருகிறான். பெண் ஓணான், துணைக்கு ஆண் இல்லை. பத்து நாள்களாக இரையைத் தொடாமல், மூலையில் மண்ணைப் பறித்துக்கொண்டே இருக்கிறது. மூக்கைக் கண்ணாடியில் உரசிப் புண்ணாக்கிக்கொண்டது. வெயில் நேரத்தில் தண்ணீரிலேயே கிடக்கிறது. இதற்கு மூர்க்கம் வந்துவிட்டது, ஓடையில் விட்டுவிடலாம் என்கிறார் என் கணவர். என்ன செய்வது?
— வாசகி ஒருவர், பினாங்கு

பதில்: உங்கள் ஓணானுக்கு மூர்க்கம் வந்துவிட்டதாக நான் நினைக்கவில்லை. நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால், அது முட்டையிட இடம் தேடுகிறது என்றே தோன்றுகிறது.

ஆண் இல்லாமல் முட்டையா என்று நீங்கள் வியக்கலாம். கோழி சேவல் இல்லாமலேயே முட்டையிடுவதைப் போல, பருவமடைந்த பெண் நீர் ஓணானும் துணையின்றி முட்டையிடும். அவை பெரும்பாலும் கருவில்லாத முட்டைகளே. ஆயினும் வாஷிங்டனில் உள்ள தேசிய விலங்குக் காட்சிசாலையில், ஆணின் பங்கே இல்லாமல் உருவான முட்டையிலிருந்து 2016-இல் ஒரு குட்டி வெளிவந்தது மரபணுச் சோதனையில் உறுதியானது.

முட்டை நிறைந்த வயிற்றில் இரைக்கு இடம் குறைவதால் பசி மங்கும். ஈரமான, ஆழமான மண் கிடைக்காவிட்டால் அது ஓரிடத்தில் பறித்துப் பார்த்து, பிடிக்காமல் வேறிடத்தில் பறிக்கும்; கூண்டைவிட்டு வெளியேறவும் முயலும். கண்ணாடி ஒரு தடுப்பு என்பது அதற்குப் புரிவதில்லை. எதிரே தெரியும் வெளியை நோக்கி முட்டிக்கொண்டே இருப்பதால்தான் மூக்கு புண்ணாகிறது. கண்ணாடியின் கீழ்ப்பகுதியை வெளிப்புறமாகக் காகிதத்தாலோ துணியாலோ இன்றே மறைத்துவிடுங்கள். அந்தப் புண்ணில் சீழ் கட்டினால் தாடை எலும்புவரை பரவக்கூடும்.

முக்கியமான வேலை, முட்டையிட இடம் அமைப்பது. ஓணான் உள்ளே நுழைந்து திரும்பும் அளவுக்கு அகலமான ஒரு பிளாஸ்டிக் தொட்டியில், உரமோ பூச்சிமருந்தோ கலக்காத மண்ணையும் கழுவிய மணலையும் கலந்து, குறைந்தது 20 செண்டிமீட்டர் ஆழத்துக்கு நிரப்புங்கள். கையில் பிடித்து அமுக்கினால் உருண்டையாக நிற்கவேண்டும், தண்ணீர் சொட்டக்கூடாது. அதுவே சரியான ஈரம். பிறகு கூண்டின் மீது துணியைத் தொங்கவிட்டு, அதைத் தனிமையில் விடுங்கள். யாராவது எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தால் அது முட்டையிடுவதைத் தள்ளிப்போடும். உங்கள் மகனுக்கு இது கடினமாகவே இருக்கும்.

தண்ணீரில் கிடப்பதற்குக் காரணம் வேறாக இருக்கலாம். கூண்டு சன்னலோரத்தில் இருந்தால், நம் ஊர் மதிய வெயிலில் கண்ணாடிப் பெட்டி விரைவில் கொதிக்கும். ஓணான் உடம்பைக் குளிரவைக்கத் தண்ணீரில் இறங்கும். வெயில் காயும் மூலையில் 30 முதல் 32 பாகை செல்சியஸ் போதும். மறுமூலை அதைவிடக் குளிர்ச்சியாக இருக்கவேண்டும். சன்னல் வெயில் படுகிறதே, விளக்கு எதற்கு என்று பலர் கேட்கிறார்கள். எலும்புக்குத் தேவையான புற ஊதாக் கதிரைச் சாதாரணக் கண்ணாடி தடுத்துவிடும். அந்தக் கதிர் இல்லாவிட்டால் உணவிலுள்ள சுண்ணாம்புச் சத்து உடம்பில் சேராது. சுண்ணாம்புச் சத்துக் குறைந்த ஓணானுக்கு முட்டையை வெளித்தள்ளும் வலு இருக்காது. ஆகவே புற ஊதா விளக்கும், இரையின் மேல் தூவும் கால்சியம் பொடியும் கட்டாயம் வேண்டும்.

ஒன்றை மட்டும் தவறாமல் கவனியுங்கள். இரை எடுக்காமல் சுறுசுறுப்பாகப் பறித்துக்கொண்டிருப்பது வேறு, இரை எடுக்காமல் துவண்டு கிடப்பது வேறு. பறிப்பதை நிறுத்திவிட்டு வயிறு குறையாமலே படுத்திருந்தாலோ, கண்கள் உள்ளே குழிந்தாலோ, பின்னங்கால்கள் தளர்ந்தாலோ, விரல்கள் நடுங்கினாலோ, முட்டை உள்ளேயே தங்கியிருக்கக்கூடும். அது உயிருக்கு ஆபத்து. ஊர்வனவற்றுக்கு மருத்துவம் பார்க்கும் விலங்கு மருத்துவரிடம் அன்றைக்கே கொண்டுசென்று எக்ஸ்ரே எடுத்துப் பாருங்கள். பத்து நாள்கள் ஆகிவிட்டதால், இப்போது நலமாகத் தெரிந்தாலும் இந்த வாரத்திலேயே ஒருமுறை காட்டிவிடுவது நல்லது.

உங்கள் கணவரிடம் சொல்லுங்கள்: ஓடையில் விடவே வேண்டாம். தாய்லாந்து, வியட்நாம் போன்ற நாடுகளின் காட்டோடைகளைச் சேர்ந்த இனம் இது. பினாங்கு ஓடைகளுக்கு உரியதன்று. கூண்டில் வளர்ந்தது அங்கே பிழைப்பதும் அரிது. முட்டையிட்டதும் அது மெலிந்து, களைத்துப் போயிருக்கும். முதலில் தண்ணீர் கொடுங்கள். பிறகு கால்சியம் பொடி தூவிய சுவர்க்கோழிகளைச் சிறிது சிறிதாகக் கொடுத்து, வாரம் ஒருமுறை எடை பார்த்து வாருங்கள்.