நாலு எலி போனா என்ன நஷ்டம்?

கேள்வி: அமெரிக்காவுல பிரெய்ரி டாக்னு குழி தோண்டுற எலிக்கு சட்டப் பாதுகாப்பாமே? கல்லறைத் தோட்டத்துலயே வளை போடுதாம். கடுப்பாகி கேஸ் போட்ட யூட்டா மாநிலத்துக்காரங்க 2014ல ஜெயிச்சும் இருக்காங்க. நாலு எலி செத்தா யாருக்கு சார் நஷ்டம்? (ஒரு வாசகர், கோவில்பட்டி)

பதில்: அது எலியும் இல்ல, நாயும் இல்ல, அணில் குடும்பம். குரைக்கிற மாதிரி கத்துறதால அந்தப் பேரு. கேஸ் விஷயத்துல பாதியோட நிறுத்திட்டீங்க, 2014 தீர்ப்பு 2017லயே அப்பீல்ல கவுந்துடுச்சு. ஆனா கேஸ் போட்ட அந்த சீடர் சிட்டி (யூட்டாவுல ஒரு ஊர்) ஆளுங்க மேல எனக்குக் கோவம் இல்ல, சொந்த மனையில வீடு கட்ட விடலன்னா யாருக்குத்தான் எரியாது?

"நாலு எலி"ன்னீங்க பாருங்க, அதுதான் இடிக்குது. 1905 வாக்குல டெக்சஸ்ல ஒரே காலனியில மட்டும் 40 கோடி இருக்கும்னு கணக்கு சொன்னாங்க, அப்புறம் மாட்டுக்குப் புல்லு மிஞ்சாதுன்னு பண்ணைக்காரங்க கத்த, அரசாங்கமே வளை வளையா விஷ தானியம் போட்டுச்சு, பத்தாததுக்கு கப்பல்ல வந்து எறங்குன பிளேக் வேற. இப்ப கருவால் பிரெய்ரி டாக்னு சொல்ற வகை இருக்குற எடம் பழைய பரப்புல சுமார் 2 சதவீதம்தான்.

நஷ்டம் யாருக்குன்னா, கருங்கால் ஃபெரட்டுக்கு. கீரி சைஸ்ல ஒரு பிராணி, திங்கிறதுல 90 சதவீதத்துக்கு மேல பிரெய்ரி டாக்தான், குடியிருக்குறதும் அது தோண்டுன வளையிலதான் (வீட்டு ஓனரையே திங்கிற வாடகைக்காரன்!). இனமே அழிஞ்சுடுச்சுன்னு நெனச்சிட்டிருந்தப்ப, 1981ல வயோமிங்ல மீட்டீட்சிங்கிற ஊர் பக்கம் ஒரு பண்ணை நாய் செத்த ஃபெரட் ஒண்ண வீட்டுக்குக் கொண்டுவந்து போட்டுச்சு. அழகா இருக்கே, பாடம் பண்ணி வைப்போம்னு பண்ணைக்காரங்க எடுத்துட்டுப் போக, பாடம் பண்றவர்தான் பார்த்து மிரண்டாரு. தேடிப் போனா ஒரு கூட்டமே இருந்துச்சு, அதுவும் நோயில சரிஞ்சு 1987ல மிச்சம் பிடிச்சது 18. அதுங்க வாரிசத்தான் கூண்டுல வளர்த்து வெளியில கொண்டுபோய் விடுறாங்க, 1988ல உறைய வச்ச செல்லுல இருந்து 2020ல குளோனிங் கூட பண்ணியாச்சு.

ஆனா விடணும்னா பிரெய்ரி டாக் காலனி வேணுமே? அதனால தெற்கு டகோட்டாவுல கோனாட்டா பேசின்ங்கிற புல்வெளியில ஆளுங்க ஒவ்வொரு வளையா குனிஞ்சு, பிளேக்கைப் பரப்புற தெள்ளுப்பூச்சிக்கு மருந்துத் தூள் அடிக்கிறாங்க, கடலை வெண்ணெய் வாசத்துல பிளேக் தடுப்பு மருந்து உருண்டை கூட போட்டுப் பார்த்தாங்க. அதே எடத்தோட ஓரத்துல, பிரெய்ரி டாக் பக்கத்துப் பண்ணைக்குள்ள போயிடக் கூடாதுன்னு, சிங்க் பாஸ்பைடுங்கிற எலி விஷம் கலந்த ஓட்ஸையும் போட்டிருக்காங்க. போட்டது ரெண்டும் அரசாங்கக் காசுதான் சார்.