சான்றிதழ் இல்லாத குழாயும் காயாத ராடும்

பைப் பைல், அதாவது அஸ்திவாரத்துக்காக மண்ணில் அடித்து இறக்கும் இரும்புக் குழாய், அதன் வெல்டிங் பற்றி இம்முறை வந்த கடிதங்களில் பாதி, வேறு வேறு ஊர்களிலிருந்து ஒரே கேள்வியைக் கேட்கின்றன. அதை நடுவில் வைத்திருக்கிறேன். அவசரக்காரர்கள் நேராக அங்கே போகலாம்.

எண்ணூர் பக்கம் ஒரு கிடங்குக்குப் பைல் இறக்குகிறோம். ஜாயிண்டில் இரண்டு குழாயின் விளிம்பையும் சாய்வாக வெட்டி பெவல் எடுக்க வேண்டுமா?

மேல் குழாய்க்கு மட்டும், 45 டிகிரி. கீழ்க் குழாயின் வாய் தட்டையாக இருக்கட்டும். பைல் நிற்கிறது, ஜாயிண்ட் கிடையாக ஓடுகிறது; உருகிய இரும்பு வழியாமல் உட்கார அந்த விளிம்புதான் திண்ணை. உள்ளே உருகிய இரும்பைத் தாங்கும் பேக்கிங் ரிங், இரண்டு குழாய்க்கும் இடைவெளி 6 மி.மீ. ஹாமர் அடித்து நசுங்கிய தலையை நல்ல இரும்பு வரும்வரை வெட்டி எறிந்த பிறகுதான் இதெல்லாம். ராட்டை, அதாவது வெல்டிங் குச்சியை, காயவைத்தீர்களா?

ஒரு ஜாயிண்டுக்கு எத்தனை கிலோ ராடு ஆகும்? அவசரம்.

எந்தக் குழாய்க்கு? விட்டம் எழுதவில்லை, தடிமன் எழுதவில்லை, 'அவசரம்' என்பதை மட்டும் அடிக்கோடிட்டிருக்கிறீர்கள். 324 மி.மீ. விட்டம், 9.5 மி.மீ. தடிமன், மேலே சொன்ன பெவல் என்று நானே வைத்துக்கொள்கிறேன். சுற்றளவு ஏறக்குறைய ஒரு மீட்டர். ஜாயிண்டில் இறங்கும் உலோகம் ஒரு கிலோ. துண்டு ராடு, ஸ்லாக், தெறிப்பு என வீணாவதையும் சேர்த்தால் ஒன்றரையிலிருந்து இரண்டு கிலோ. உங்கள் குழாய் வேறென்றால் கணக்கும் வேறு.

7018 ராடு ஒட்டிக்கொள்கிறது, 6013 போதும் என்கிறார் வெல்டர்.

6013 ஜன்னல் கிரில்லுக்கு. பைலுக்கு ஹைட்ரஜன் குறைவான 7018தான். உங்களிடம் இருப்பது சிறிய ஏ.சி. டிரான்ஸ்ஃபார்மராக இருக்கும், அதில் 7018 தடுமாறத்தான் செய்யும். டி.சி. மெஷினில், ஹோல்டரைப் பாசிட்டிவில் கொடுத்துப் போடச் சொல்லுங்கள். பெட்டி பிரித்த ராடு 120 டிகிரி சூட்டில் உலர்த்தும் அடுப்பில் இருக்க வேண்டும். வெளியே நான்கு மணி நேரத்துக்கு மேல் கிடந்தால் மறுபடி குறைந்தது 260 டிகிரியில் இரண்டு மணி நேரம். வெயிலில் காயவைத்தோம் என்று எனக்கு எழுத வேண்டாம்.

கழித்துப் போட்ட பைப்லைன் குழாய் பாதி விலைக்கு வருகிறது. சர்டிபிகேட் இல்லை. வியாபாரி துப்பாக்கி போன்ற கருவியை வைத்துக் கலவையைக் காட்டினார். வாங்கலாமா?

பாதிக் கடிதங்கள் இதுதான். அந்தத் துப்பாக்கி எக்ஸ்-கதிர் கருவி. மாங்கனீஸ், குரோமியம், நிக்கல் எல்லாம் காட்டும், கார்பனைக் காட்டாது. வெல்டிங்கில் விரிசல் விடுமா என்பதை முதலில் தீர்மானிப்பதோ கார்பன். விரிசல் வாய்ப்பை ஒரே எண்ணில் சொல்லும் கார்பன் சமமதிப்புக் கணக்கில் கார்பன் முழுதாகச் சேரும், மாங்கனீஸ் ஆறில் ஒரு பங்குதான். கட்டுமான இரும்புக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 2062-இல் சாதாரண ஈ250 ஏ தரத்துக்கே இதற்கு 0.42 என்று உச்சவரம்பு உண்டு. முக்கியமான எண் இல்லாத அறிக்கையைக் காட்டி வியாபாரி உங்கள் வாயை அடைத்திருக்கிறார்.

சர்டிபிகேட் இருந்தாலும் படித்துப் பாருங்கள். பைல் குழாய்க்கென்றே உள்ள அமெரிக்கத் தரநிலை ஏ.எஸ்.டி.எம். ஏ252 பாஸ்பரஸை மட்டும் 0.05 சதவீதத்தில் நிறுத்துகிறது. கார்பனைப் பற்றி மூச்சு விடுவதில்லை. தடிமனும் எட்டில் ஒரு பங்கு வரை குறையலாம் என்கிறது. புதுக் குழாய்க்கே இந்த நிலை. துருப்பிடித்த பழையதில் சுற்றிலும் பல இடத்தில் தடிமன் மானியை வைத்துப் பார்க்காமல் எப்படி டிசைன் செய்கிறீர்கள்?

ராட்டின் ஈரத்திலிருந்து வெல்டில் புகும் ஹைட்ரஜனால் வரும் விரிசல், சூடாக இருக்கும்போது வராது. ஆறிய பின், சில மணி நேரமோ ஓரிரு நாளோ கழித்து, வெல்டை ஒட்டிய குழாய் இரும்பில் விடும். பீம் என்றால் மறுநாள் ஏணி வைத்துச் சோதிக்கலாம். பைல் ஜாயிண்ட் அரை மணியில் மண்ணுக்குள் போய்விடும்.

வாங்கியே தீருவேன் என்றால் துண்டு வெட்டி ஆய்வகத்தில் ஸ்பார்க் ஸ்பெக்ட்ரோமீட்டரில் கார்பன் பாருங்கள். அதே துண்டுகளை வெல்ட் செய்து வளைத்துப் பாருங்கள். ஒரு குழாயில் எடுத்துவிட்டு லாரி முழுவதற்கும் பொருத்தாதீர்கள். ஒரு சைட்டில் புதிதாக அடித்த கருப்புப் பெயின்டைச் சுரண்டச் சொன்னேன். ஒரே அடுக்கில் மூன்று இரும்பு மில்களின் முத்திரை இருந்தது. குழாயில் மிச்சம் பிடித்த காசு சோதனைக்கே போயிற்று. இதற்கு மேல் ராடும் ஈரமாக இருந்தால் சொல்லவே வேண்டாம்.

கடற்கரை சைட்டில் சி.ஓ.டூ. வெல்டிங் செய்யலாமா?

அதில் வெல்டைக் காக்கும் வாயுவைக் காற்று கலைத்துவிடும். ஏ.டபிள்யூ.எஸ். டி1.1 என்ற அமெரிக்க வெல்டிங் விதிப்படி காற்று மணிக்கு 8 கி.மீ. தாண்டக் கூடாது. இலை சலசலக்கும் காற்றே அவ்வளவு இருக்கும். நாலு பக்கமும் தார்ப்பாய் கட்டுங்கள், இல்லாவிட்டால் ராடுக்கே திரும்புங்கள். காய்ந்த ராடு.

கிரேன் வாடகை ஓடுகிறது. வெல்டிங் முடிந்ததும் அடிக்கலாமா?

சிவப்பு மறைந்ததால் ஆறிவிட்டது என்று அர்த்தமில்லை. சூட்டோடு ஈரக் களிமண்ணில் இறக்கினால் அது தண்ணீரில் முக்கியதற்குச் சமம். இரும்பு கடினப்பட்டு நொறுங்கும் தன்மைக்குப் போகும். பத்துப் பதினைந்து நிமிடமாவது காற்றில் விடுங்கள், தடித்த குழாய்க்கு இன்னும் கூடுதல். வாளித் தண்ணீர் ஊற்றும் ஆளை சைட்டை விட்டே அனுப்புங்கள்.

சிங்கப்பூரில் எச்-பைல் (எச் வடிவ இரும்புப் பைல்) ஜாயிண்ட் செய்கிறேன். இதே முறையா?

இதேதான். ஃபிளேஞ்சுக்கு, அதாவது பக்கத் தகட்டுக்கு, பேக்கிங் தட்டு தடையில்லாமல் ஓட, நடுத் தகடான வெப்பில் துளை எடுத்துக்கொள்ளுங்கள்.

உள்ளே கான்கிரீட் நிரப்பப் போகிறோம். வெல்டிங் சுமாராக இருந்தால் என்ன?

கான்கிரீட் போடுவது பைல் இறங்கிய பிறகு. ஹாமர் அடிக்கும்போது குழாயில் அழுத்தம் மட்டுமல்ல, திரும்பி வரும் அலையில் இழுவையும் உண்டு. அதை வெறும் ஜாயிண்ட்தான் தாங்க வேண்டும். ஓட்டை ஜாயிண்ட் வழியே சேறு புகுந்தால் நீங்கள் நிரப்புவது கான்கிரீட்டாகவும் இருக்காது. அடுத்த முறை விட்டம், தடிமன், ராடு எண் மூன்றையும் எழுதுங்கள்.