"என்னைத் தவிர தேவன் இல்லை" என்று சொல்லும் ஏசாயாவில் கிறிஸ்துவின் தெய்வத்துவம் எப்படி வரும்?

கேள்வியைச் சுருக்கமாகத் திருப்பிச் சொல்லிவிடுகிறேன். கடவுள் ஒருவர்தான், ஆளுகிறவர் அவர் மட்டும்தான் என்று ஏசாயா புத்தகம் திரும்பத் திரும்ப அடித்துச் சொல்கிறது. அதே புத்தகத்தைக் காட்டி இயேசுவும் கடவுள் என்று கிறிஸ்தவர்கள் எப்படிச் சொல்கிறார்கள்? அது கி.பி. 325-இல் நிசேயாவில் கூடிய திருச்சபைத் தலைவர்களின் சங்கத்தில் முடிவு கட்டியதுதானே?

நான் விசுவாசி, அதை மறைக்கவில்லை. ஆனால் இறையியல் பட்டம் எதுவும் கிடையாது. வாலிபர்களுக்கு வேதபாடம் எடுக்கப் போய், அவர்கள் கேட்ட கேள்விகளில் மாட்டிக்கொண்டு கற்றதுதான் பெரும்பாலும்.

பல வருஷம் இதற்கு நான் ஒரு பட்டியலைத்தான் நீட்டிக்கொண்டிருந்தேன். பெத்லகேமில் பிறப்பார், மீகா 5:2. கழுதைக் குட்டியின்மேல் வருவார், சகரியா 9:9. முப்பது வெள்ளிக்காசு, சகரியா 11. இவ்வளவும் நிறைவேறியிருக்கிறதே, அப்புறம் என்ன சந்தேகம் என்று முடித்துவிடுவேன். இதில் பெரிய ஓட்டை ஒன்று இருக்கிறது. ஒருவரைப் பற்றி முன்கூட்டியே சொல்லப்பட்டது என்பதாலேயே அவர் கடவுள் ஆகிவிட மாட்டார். யோசியா என்ற ராஜாவின் பெயரையே 1 இராஜாக்கள் 13-ஆம் அதிகாரம் முன்னறிவிக்கிறது. அவரை யாரும் தெய்வம் என்று சொல்லவில்லை. போதாததற்கு, பட்டியலில் வரும் சில வசனங்கள் மூலத்தில் முன்னறிவிப்பே அல்ல. "எகிப்திலிருந்து என்னுடைய குமாரனை வரவழைத்தேன்" என்ற ஓசியா 11:1 பழைய கதையைத் திரும்பிப் பார்க்கும் வரி. இஸ்ரவேல் ஜனத்தைப் பற்றியது. இஸ்ரவேலின் கதையை இயேசு மறுபடி நடந்து காட்டுகிறார் என்ற எண்ணத்தில் மத்தேயு அதை எடுத்தாள்கிறார், சரி. ஆனால் அதைக் "குறி சொன்னார், பலித்தது" என்ற கணக்கில் போட்டால், விவரம் தெரிந்தவர் ஒரு நிமிஷத்தில் உங்களைக் கவிழ்த்துவிடுவார். என்னைக் கவிழ்த்திருக்கிறார்கள்.

அந்தப் பட்டியலை நான் கைவிட்டதற்கு ஒரு கல்லூரிப் பெண்தான் காரணம். ஏசாயா 45-ஐ ஆளுக்கொரு வசனமாக வாசித்துக்கொண்டிருந்தோம். முதல் வசனத்தை வாசித்தவள் அப்படியே நின்றுவிட்டாள். "அண்ணா, 'கர்த்தராகிய நான் அபிஷேகம்பண்ணின கோரேசுக்கு'ன்னு இருக்கே. அபிஷேகம்பண்ணப்பட்டவர்னா மேசியாதானே? அப்போ கோரேசும் மேசியாவா?"

ஆமாம். எபிரெயத்தில் அந்த இடத்தில் இருப்பது அதே சொல்தான். கிறிஸ்து என்பதும் அதன் கிரேக்க வடிவமே. இஸ்ரவேலன்கூட இல்லாத ஒரு பாரசீக ராஜாவுக்கு அந்தப் பட்டம் கொடுக்கப்பட்டிருக்கிறது. ஆகவே "இயேசு மேசியா, எனவே கடவுள்" என்ற வாதம் அங்கேயே படுத்துவிடுகிறது. மேசியா என்ற பட்டம் மட்டும் தெய்வத்துவத்தைக் காட்டாது. இதை ஒத்துக்கொண்ட பிறகுதான் ஏசாயா எனக்குத் திறந்தது.

கோரேசைக் கொஞ்சம் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். அவர் பாபிலோனைப் பிடித்தது கி.மு. 539-இல். 1879-இல் பாபிலோன் இடிபாடுகளில் கிடைத்த அவருடைய களிமண் உருளை ஒன்று இப்போது லண்டனில் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. ஒரு சாண் நீளம்தான். பாபிலோனின் தெய்வமான மர்துக் நீதியுள்ள ராஜா ஒருவரைத் தேசமெங்கும் தேடி, கோரேசின் கையைப் பிடித்து, பெயர் சொல்லி அழைத்ததாக அதில் எழுதியிருக்கிறது. இப்போது ஏசாயாவைப் பாருங்கள். அங்கேயும் கர்த்தர் கோரேசின் வலதுகையைப் பிடிக்கிறார், பெயர் சொல்லி அழைக்கிறார். ஆனால் கூடவே ஒன்று சொல்கிறார்: "நீ என்னை அறியாதிருந்தும்." உருளையைப் படித்துவிட்டு இந்த வரிக்கு வந்தால் வேறு மாதிரிக் கேட்கும். தன்னைத் தூக்கிவிட்டது மர்துக் என்று அறிவித்துக்கொண்ட மனிதனைப் பற்றி, "அவனுக்கே தெரியாது, அவனை நடத்துகிறவர் நான்" என்கிறது தீர்க்கதரிசனம்.

தேவனுடைய ஆளுகை என்று ஏசாயா சொல்வது இதைத்தான். வேண்டியவர்களை மட்டும் வைத்துக் காரியம் நடத்துவது ஒரு வகை ஆட்சி. தன்னைத் தெரியாதவன், வேறு தெய்வத்துக்கு நன்றி சொல்கிறவன், அவனும் தன் சொந்தக் கணக்குக்குத்தான் படையெடுக்கிறான், ஆனாலும் காரியம் கர்த்தருடையதாக முடிகிறது. 40 முதல் 48 வரையுள்ள அதிகாரங்கள் முழுக்க இதுதான் வழக்கு. வரப்போவதைச் சொல்லுங்கள் பார்க்கலாம் என்று விக்கிரகங்களுக்குச் சவால் விடுகிறார் (41:23). "என் மகிமையை வேறொருவனுக்கும்... கொடேன்" என்கிறார் (42:8). இந்த அதிகாரங்கள் கி.மு. எட்டாம் நூற்றாண்டு ஏசாயாவின் கையிலிருந்து வந்தவையா, பாபிலோன் சிறையிருப்புக் காலத்தில் இருந்த இன்னொரு தீர்க்கதரிசியுடையவையா என்று அறிஞர்கள் வாதாடுகிறார்கள். இன்று பெரும்பாலோர் இரண்டாவதைச் சொல்கிறார்கள். நம் கேள்விக்கு அது தடையில்லை. 1947 வாக்கில் சாக்கடலருகே கும்ரான் குகையில் கிடைத்த ஏசாயா சுருளே இயேசுவுக்கு நூறு வருஷத்துக்கும் முந்தியது. கிறிஸ்தவர்கள் பிற்பாடு எழுதிச் செருகினார்கள் என்று சொல்ல வழியில்லை.

இந்த வழக்கின் உச்சி 45:23. "முழங்கால் யாவும் எனக்கு முன்பாக முடங்கும், நாவு யாவும் என்னை முன்னிட்டு ஆணையிடும்." முந்தின வசனத்தில் "நானே தேவன், வேறொருவரும் இல்லை" என்று சொல்லி, தன்மேலேயே ஆணையிட்டுச் சொல்லும் வாக்கு இது. பழைய ஏற்பாட்டில் ஒரே கடவுள் என்ற கொள்கையை இதைவிடக் கறாராகச் சொல்லும் இடம் எனக்குத் தெரிந்து இல்லை.

சரி, இப்போது அப்போஸ்தலன் பவுல் எழுதிய பிலிப்பியர் 2:10, 11. "இயேசுவின் நாமத்தில்... முழங்கால் யாவும் முடங்கும்படிக்கும்... இயேசுகிறிஸ்து கர்த்தரென்று நாவுகள் யாவும் அறிக்கைபண்ணும்படிக்கும்."

முழங்கால், நாவு, யாவும். பவுல் தெரியாமல் வாயில் வந்ததை எழுதிவிட்டார் என்று சொல்ல முடியாது. ரோமர் 14:11-இல் இதே ஏசாயா வசனத்தை "எழுதியிருக்கிறதே" என்று மேற்கோளாகவே காட்டுகிறார்; அங்கே முழங்கால் முடங்குவது தேவனுக்கு முன்பாக. ஆகவே அது யாருக்குரிய முழங்கால் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துகொண்டே அதை இயேசுவுக்கு முன்பாக வைக்கிறார். சிறு வயதிலிருந்தே ஒரே தேவனை அறிக்கையிட்டு வளர்ந்த பரிசேயர் ஒருவர், பழைய ஏற்பாட்டில் இருக்கும் ஆயிரக்கணக்கான வசனங்களில், வேறு யாருக்கும் பங்கில்லை என்று சொல்லும் அந்த ஒன்றைப் பொறுக்கி எடுக்கிறார். எனக்கு முப்பது வெள்ளிக்காசைவிட இதுதான் கனமான ஆதாரம்.

நம் மொழியில் ஒரு வசதி உண்டு. பழைய மொழிபெயர்ப்பில் ஏசாயாவிலும் "கர்த்தர்", பிலிப்பியரிலும் "கர்த்தர்". யூதர்கள் உச்சரிக்கத் தயங்கிய தேவனுடைய நான்கெழுத்து நாமத்துக்குப் (யாவே) பதிலாகக் கிரேக்கத்தில் கூரியோஸ் என்று வாசித்த வழக்கம் அப்படியே தமிழுக்கு வந்துவிட்டது. அதனால் தமிழில் வாசிக்கிறவருக்கு இரண்டு வசனமும் ஒரே மூச்சில் கேட்கும். இதில் ஒரு ஆபத்தும் இருக்கிறது. கூரியோஸ் என்பது சாதாரணமாக "ஐயா" என்று கூப்பிடவும் பயன்பட்ட சொல். சொல் ஒன்றாக இருக்கிறது என்பதை மட்டும் வைத்து வாதாடினால் நிற்காது. ஏசாயாவின் முழு வாக்கியமும் இடம் மாறியிருக்கிறதே, கனம் அதில்தான் இருக்கிறது.

எதிர்த் தரப்பில் வலுவான வாதம் ஒன்று உண்டு. தூதுவரை மதிப்பது அனுப்பியவரை மதிப்பது. கடவுளின் பிரதிநிதிக்கு முன் குனிவதால் அவர் கடவுள் ஆகிவிடுவாரா? 1 நாளாகமம் 29:20-இல் சபையார் கர்த்தரையும் ராஜாவையும் சேர்த்தே பணிந்துகொள்கிறார்கள். தாவீது கடவுளா என்ன? இதை நான் லேசாக எடுத்துக்கொள்வதில்லை. ஆனால் ஏசாயா 45 அந்த மாதிரிப் பிரதிநிதியை ஏற்கெனவே காட்டிவிட்டது. அவர் பெயர் கோரேஸ். அபிஷேகம் பெற்றவர், கையைப் பிடித்து நடத்தப்பட்டவர், ஜாதிகளை அடக்கக் கிளம்பியவர். அவ்வளவு பெரியவருக்குக்கூட அந்த அதிகாரத்தின் முடிவில் வரும் முழங்கால் கொடுக்கப்படவில்லை. ஆட்களை வைத்து வேலை வாங்குவது ஒரு காரியம், எல்லா முழங்காலையும் பெற்றுக்கொள்வது வேறு காரியம் என்று ஒரே அதிகாரத்துக்குள் கோடு கிழிக்கப்பட்டிருக்கிறது. பவுல் இயேசுவை நிறுத்துவது கோட்டுக்கு அந்தப் பக்கம். அதோடு "பிதாவாகிய தேவனுக்கு மகிமையாக" என்றும் சேர்த்துக்கொள்கிறார். இரண்டாவது தெய்வம் ஒன்று வந்து பங்கு கேட்கவில்லை. மகிமையை வேறொருவனுக்குக் கொடேன் என்ற சொல்லை உடைக்காமல் இப்படி எழுத வேண்டுமென்றால், இயேசு அந்த "வேறொருவன்" அல்ல என்று நம்பினால்தான் முடியும்.

நிசேயாவுக்கு அதிகம் செலவழிக்கத் தேவையில்லை. பிலிப்பியர் எழுதப்பட்டது முதல் நூற்றாண்டின் நடுவில், சங்கம் கூடுவதற்கு 260 வருஷத்துக்கும் மேல் முன்னால். சுமார் 112-இல் பித்தினியாவின் ரோம ஆளுநர் பிளினி, கிறிஸ்தவர்கள் விடியும் முன் கூடி, ஒரு தெய்வத்துக்குப் பாடுவதுபோலக் கிறிஸ்துவுக்குப் பாடுகிறார்கள் என்று பேரரசர் திராயானுக்குக் கடிதம் எழுதினார். நிசேயா ஊர் அவர் ஆண்ட மாகாணத்தில்தான் இருந்தது! அங்கே 325-இல் நடந்த தகராறு வேறு. சிருஷ்டிகளில் முதலும் உயர்ந்ததுமானவர் குமாரன் என்றார் ஆரியு என்ற அலெக்சந்திரியா குரு. பிதாவோடு ஒரே தன்மையுடையவர் என்றது சங்கம். சாதாரண மனிதர் ஒருவரை ஓட்டெடுப்பில் கடவுளாக்கினார்கள் என்பது வெறும் கட்டுக்கதை.

எனக்குப் பவுலைவிடவும் பிடித்தது யோவான் 12. கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டிய இடம். "எங்கள் மூலமாய்க் கேள்விப்பட்டதை விசுவாசித்தவன் யார்" என்ற ஏசாயா 53-இன் தொடக்கத்தை யோவான் எடுத்துப் போடுகிறார். உடனே அடுத்ததாக ஏசாயா 6-லிருந்து, கண்களைக் குருடாக்கினார் என்ற வசனம். அப்புறம் ஒரு வரி: ஏசாயா "அவருடைய மகிமையைக் கண்டு" இவைகளைச் சொன்னான். ஆறாம் அதிகாரத்தில் ஏசாயா கண்டது யாரை? சேனைகளின் கர்த்தராகிய ராஜாவை. சேராபீன்கள் முகத்தை மூடிக்கொண்டு "பரிசுத்தர், பரிசுத்தர்" என்று கூப்பிட்ட சிங்காசனத்தை. யோவான் அதை இயேசுவின் மகிமை என்கிறார்.

இந்த இரண்டு அதிகாரங்களையும் ஏன் ஒன்றாகக் கட்டினார்? எபிரெயத்தில் ஒரு முடிச்சு இருக்கிறது. 6:1-இல் சிங்காசனக் காட்சியை வருணிக்கும் "உயரமும் உன்னதமுமான" என்ற அதே சொல் ஜோடி, 53-ஆம் அதிகாரம் முழுக்கத் தொடரும், பாடுபடும் தாசனைப் பற்றிய பாட்டின் முதல் வரியான 52:13-இலும் வருகிறது: "அவர் உயர்த்தப்பட்டு, மேன்மையும் மகா உன்னதமுமாயிருப்பார்." சிங்காசனத்துக்குரிய சொல்லை, அடுத்த சில வரிகளில் முகம் அந்தக்கேடு அடையப்போகிற ஒருவருக்குப் போட்டிருக்கிறது ஏசாயா. யோவானில் "உயர்த்தப்படுதல்" என்றாலே சிலுவைதான் (12:32, 33). பிலிப்பியர் 2-உம் அடிமையின் ரூபம், சிலுவை மரணம் என்று இறங்கித்தான் முழங்காலுக்கு ஏறுகிறது. இரண்டு பேரும் தனித்தனியாக ஏசாயாவை ஒரே மாதிரி வாசித்திருக்கிறார்கள்: ஆளுகிறவரை அந்தத் தாசனில் பார்க்கிறார்கள்.

அன்றைக்கு வகுப்பில் இதையெல்லாம் இவ்வளவு கோவையாக நான் சொல்லவில்லை. பாதி பிறகு வீட்டில் உட்கார்ந்து தேடியது. அடுத்த வாரம் சொன்னபோது அந்தப் பெண்ணே இயேசுவைக் காட்டிக்கொடுத்த யூதாசை இழுத்தாள். எல்லாம் முன்குறித்தபடி நடந்தது என்றால் அவன்மேல் என்ன தப்பு? லூக்கா 22:22-ஐக் காட்டினேன். தீர்மானிக்கப்பட்டபடியே மனுஷகுமாரன் போகிறார், ஆனாலும் காட்டிக்கொடுக்கிறவனுக்கு ஐயோ. இரண்டும் ஒரே வாக்கியத்தில். ஒன்றை வைத்து மற்றதை அழிக்க வேதம் முயல்வதில்லை. அதற்குமேல் இதை அவிழ்க்க எனக்கு வரவில்லை, அதை அவளிடமே சொல்லிவிட்டேன்.

கோரேசைப் போலத் தெரியாமலே வேலை செய்த இன்னொருவனைக் காட்டுவது எனக்குச் சுலபமாக இருந்தது. இயேசுவுக்குத் தீர்ப்புச் சொன்ன ரோம ஆளுநன் பிலாத்து சிலுவையின்மேல் எபிரெயு, கிரேக்கு, லத்தீன் மூன்றிலும் "யூதருடைய ராஜா" என்று எழுதி வைக்கிறான். "தான் ராஜா என்று அவன் சொன்னதாக எழுதும்" என்று ஆசாரியர்கள் நச்சரிக்கிறார்கள். "நான் எழுதினது எழுதினதே" என்று துரத்திவிடுகிறான். யூதர்களைச் சீண்டத்தான் எழுதியிருப்பான். ரோம சாம்ராஜ்யத்தின் முத்திரையோடு, வந்துபோகிற எல்லாரும் வாசிக்கிற மாதிரி, யோவான் சொல்ல விரும்பியதையே எழுதிக் கொடுத்துவிட்டான்.

"அப்போ பிலாத்துவும் மேசியாவா அண்ணா?" என்றாள். இல்லம்மா, கோரேசுக்குப் பட்டம் கிடைத்தது, இவனுக்குப் பலகை எழுதுகிற வேலை மட்டும்தான் கிடைத்தது என்றேன்.