மார்ட்டினா, ரெய்லரா? கிற்றார் கேள்வி பதில்

கொக்குவிலில் வீட்டுத் திண்ணையை ஒட்டிய சிறு பட்டறையில் இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் கிற்றார் திருத்துகிறேன். கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் உறவினர் கொண்டுவரும் விலையுயர்ந்த கருவிகள் மாரியில் வீங்கியும் கோடையில் வெடித்தும் என் மேசைக்கு வந்து சேரும். அவற்றைப் பற்றிப் பலரும் கேட்டவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

ஐயா, ரொறன்ரோவில் இருக்கும் சித்தப்பா தை மாதம் வரும்போது நல்ல கிற்றார் ஒன்று வாங்கி வருவதாகச் சொல்கிறார். மார்ட்டின் டி-28, ரெய்லர் 814 இரண்டில் எதைக் கேட்கலாம்? தேவாலயப் பாடகர் குழுவில் வாசிக்கிறேன். (பாஷையூர்)

தம்பி, முதலில் காதால் ஒரு சோதனை செய்யுங்கள். தடித்த தந்தியை ஒரே ஒரு முறை மீட்டிவிட்டுக் கையை எடுத்துவிடுங்கள். ஒலி எழும்போது எல்லாக் கருவியும் அழகாகவே இருக்கும். அது எப்படி அடங்குகிறது என்பதைத்தான் கேட்க வேண்டும். டி-28இல் அடி ஒலி அகன்று எழுந்து, மேலே மெல்லிய மினுக்கத்தோடு நெடுநேரம் நின்று கரையும். அதன் பின்பலகையும் பக்கங்களும் இந்தியத் தோதகத்தி (ரோஸ்வுட்). முப்பது குரல்களுக்குக் கீழே விரித்த பாய்போல அந்த ஒலி கிடக்கும். ரெய்லரில் ஆறு தந்திகளும் ஆறு தனிக் குரல்கள்; ஒன்றில் மற்றொன்று கலங்காது. 2018இல் அந்த நிறுவனம் மேற்பலகையின் உட்புறச் சட்டங்களை ‘வி’ வடிவத்துக்கு மாற்றிய பிறகு, கழுத்தின் மேற்பகுதியில் வாசிக்கும்போதும் சுருதி சேர்ந்து நிற்கிறது. விரலால் மீட்டுபவருக்கும் ஒலிபெருக்கியில் இணைப்பவருக்கும் அது பெரிய உதவி.

உங்கள் குழுவுக்கு என் காது டி-28ஐயே சொல்கிறது. ஆனால் என் கை வேறொன்று சொல்கிறது. எந்தக் கிற்றாருக்கும் காலப்போக்கில் கழுத்தின் கோணம் மாறும். ரெய்லரின் கழுத்து போல்ட்டால் பூட்டியது. கழற்றி, மெல்லிய தகட்டை மாற்றி, அன்று மாலையே கையில் தந்துவிடலாம். டி-28இன் கழுத்தோ, புறாவின் வால்போல விரிந்த முனையைப் பள்ளத்தில் செருகும் புறாவால் பொருத்தில் பசையிட்டு இறுக்கியது. நீராவி செலுத்தி, பசையை இளக்கி, மரம் காய்ந்த பிறகு மறுபடி சீவி ஒட்ட வேண்டும். அதைச் செய்யத் தெரிந்த கைகள் இங்கே மிகக் குறைவு. இதையும் சித்தப்பாவிடம் சொல்லிவிட்டு முடிவெடுங்கள்.

மார்ட்டினுக்கு ஏன் இவ்வளவு பெயர்? (நெல்லியடி)

1833இல் நியூயோர்க்கில் தொடங்கி, சில ஆண்டுகளில் பென்சில்வேனியாவின் நாசரேத் ஊருக்குப் போய், இன்றும் அங்கேயே செய்கிறார்கள். மேற்பலகைக்கு அடியில் இரண்டு சட்டங்களைப் பெருக்கல் குறிபோல ஒட்டும் முறையை 1840களிலேயே கையாண்டவர்கள். இன்று உலகில் செய்யப்படும் உலோகத் தந்திக் கிற்றார்களில் பெரும்பாலானவை அதன் வழியில் வந்தவை. போர்க்கப்பலின் பெயர் கொண்ட ‘ட்ரெட்நோட்’ என்ற பெரிய உடலும் அவர்கள் தந்ததே.

கிப்சன் ஜே-45 வறண்ட ஒலி என்று ஒரு நண்பர் குறை சொல்கிறார். உண்மையா, அண்ணா? (மானிப்பாய்)

வறட்சி உண்மைதான், ஆனால் அது குறை அல்ல. 1942இல் வந்த வடிவம். மகோகனி உடல், சற்றுக் குறுகிய தந்தி நீளம். ஒலி ‘டொம்’ என்று எழுந்து விரைவாக அடங்கிவிடும். அந்த இடைவெளியில் பாடகரின் சொல் தெளிவாக விழும். தானே பாடித் தானே வாசிப்பவருக்கு நான் முதலில் சொல்லும் கருவி இது.

கொலிங்ஸ், சான்ரா குரூஸ் போன்றவை இன்னும் விலை கூடியவை. அந்தப் பணம் எங்கே போகிறது? (திருநெல்வேலி)

பெரும்பகுதி மேற்பலகைக்குத்தான். அதன் தடிப்பு ஏறக்குறைய 3 மில்லிமீற்றர். தந்திகள் ஆறும் சேர்ந்து அதை ஏறத்தாழ 70 கிலோ விசையோடு இழுக்கின்றன. தடிப்பாக விட்டால் உடையாது, ஆனால் ஊமையாகிவிடும். மெல்லியதாக்கினால் வாய் திறக்கும், ஒருநாள் வயிறு தள்ளி வளைந்தும் போகும். இரண்டுக்கும் நடுவில் நிற்கும் இடம் ஒவ்வொரு பலகைக்கும் வேறு. பெரிய தொழிற்சாலை எல்லாப் பலகைக்கும் ஒரே அளவை வைக்கும். கலிபோர்னியாவில் 1976இல் தொடங்கிய சான்ரா குரூஸில் ஒவ்வொரு பலகையையும் தட்டிக் கேட்டு, சட்டங்களைச் சிறிது சிறிதாகச் சீவுகிறார்கள். தவிலுக்குத் தோல் பதம் பார்ப்பதை இணுவிலில் கண்டவர்களுக்கு இது புதிதாக இராது.

ரெக்சாஸில் கொலிங்ஸைத் தொடங்கிய பில் கொலிங்ஸ் 2017இல் மறைந்தார். அவருடைய பட்டறையின் பெருமை பொருத்தின் துல்லியம். ஒருமுறை அவர்களுடைய கிற்றார் ஒன்றுக்குள் சிறு கண்ணாடியும் விளக்கும் விட்டுப் பார்த்தேன். யாரும் பார்க்காத சட்ட முனைகள்கூட ஒரே சரிவில் வழவழவென்று முடிந்திருந்தன. ஒரு சொட்டுப் பசைகூட வழிந்திருக்கவில்லை. ஒலியில் அவை பழைய மார்ட்டினின் வழியே போகின்றன, இன்னும் இறுக்கமாக, இன்னும் உரத்து. எனக்குக் கொலிங்ஸின் வேலைப்பாட்டில் மயக்கம். வாசிக்கத் தந்தால் சான்ரா குரூஸைத்தான் எடுப்பேன்.

என் விரல்கள் சிறியவை. லோடன் கிற்றார் ஒன்றின் ஒலியில் மனம் போய்விட்டது. வாங்கலாமா? (கோப்பாய்)

தங்கச்சி, உங்கள் காது நல்ல காது. வட அயர்லாந்தில் ஜோர்ஜ் லோடன் உருவாக்கிய கருவிகள் விரலால் மீட்டுவதற்கென்றே பிறந்தவைபோல இருக்கும். சீடார் மேற்பலகையுள்ளவை மெல்லத் தொட்டாலே பேசும். ஆனால் கழுத்து சற்று அகலம். வாங்குமுன் அரை மணி நேரம் உட்கார்ந்து வாசித்துப் பாருங்கள். மணிக்கட்டு வலித்தால் மார்ட்டின் 000-28ஐப் பாருங்கள். உடலும் சிறியது, தந்தி நீளமும் குறைவு.

யாழ்ப்பாணத்து ஈரத்தில் இப்படிப்பட்ட கருவி தாங்குமா? (குருநகர்)

தாங்கும், நீங்கள் பார்த்துக்கொண்டால். பெரும்பாலான தொழிற்சாலைகள் ஈரப்பதத்தை ஏறத்தாழ 45 முதல் 50 வீதத்துக்குள் வைத்து மரத்தை ஒட்டுகின்றன. இங்கே வாடைக்காற்று தொடங்கிவிட்டால் 80ஐத் தாண்டும். மேற்பலகை நீரைக் குடித்து உப்பும், தந்தி விரலுக்கு எட்டாமல் உயரும், ஒலி மந்தமாகும். அப்போது பதறிப்போய் எதையும் சீவாதீர்கள். பங்குனியில் மரம் தானாக இறங்கும், தந்திக்கு அடியில் இருக்கும் எலும்புத் துண்டைச் சீவிவிட்டால் அது திரும்பி வராது. ஈரமானி ஒன்றும் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொதிகளும் வாங்கிப் பெட்டிக்குள் வையுங்கள். வாசிக்காத நேரம் பெட்டி மூடியிருக்கட்டும். கடற்கரைப் பக்கம் என்பதால் தந்திகளை ஒவ்வொரு முறையும் துணியால் துடையுங்கள்.

ஈரத்தைவிட நான் அஞ்சுவது வெயிலில் நிறுத்திய வாகனத்தை. நல்லூர்த் தேரன்று ஒருவர் தன் கிற்றாரைக் காருக்குள் பூட்டிவிட்டுச் சுவாமி கும்பிடப் போனார். மாலையில் பெட்டியைத் திறந்தபோது தந்தி தாங்கும் கட்டை பசை இளகி, நகம் நுழையும் அளவுக்குக் கிளம்பியிருந்தது. அன்றிரவே தந்திகளைத் தளர்த்தியதால்தான் மேற்பலகை கிழியாமல் தப்பியது.

தோதகத்திக் கிற்றாரை விமானத்தில் கொண்டுவரத் தடை உண்டா? (சாவகச்சேரி)

அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்ஸ் உடன்படிக்கை 2017இல் தோதகத்திக்குக் கட்டுப்பாடு கொண்டுவந்தது. 2019இல் செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு விலக்கு அளித்துவிட்டார்கள். இந்தியத் தோதகத்திக்குக் கவலை வேண்டாம். பிரேசில் தோதகத்தியில் செய்த பழைய கருவி என்றால் பத்திரம் இல்லாமல் எல்லை கடக்காதீர்கள்.

அப்பா வீணை செய்யும் தச்சர். எங்கள் பலாமரத்தில் நல்ல கிற்றார் செய்ய முடியுமா, ஐயா? (இணுவில்)

இந்தக் கேள்விக்காகவே இத்தனை நாள் காத்திருந்ததுபோல இருக்கிறது. பின்பலகைக்கும் பக்கங்களுக்கும் பலா தாராளமாகப் போதும். ஸ்பெயினின் பெயர்பெற்ற கிற்றார்த் தச்சர் தொரெஸ் 1862இல் பக்கங்களையும் பின்புறத்தையும் காகிதக் கூழால் செய்து, நல்ல மேற்பலகை ஒட்டி ஒரு கிற்றார் செய்தார். ஒலியின் பெரும்பங்கு மேற்பலகையினுடையது என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டாம். ஆனால் மேற்பலகைக்குப் பலா கனம் கூடியது. அங்கே எடை குறைந்து விறைப்புக் கூடிய ஸ்புரூஸ் வேண்டும். அதை வெளியிலிருந்து எடுக்கத்தான் வேண்டும். விரற்பலகைக்குக் கருங்காலி நம் வன்னிக் காட்டு மரமே. பழைய தளபாடத்தின் உடைந்த கால் ஒன்று கிடைத்தாலும் போதும்.

அப்பாவிடம் நன்றாகக் காய்ந்த பலாத் துண்டு இருந்தால், ஆரைவாட்டில் (மரத்தின் நடுவிலிருந்து பட்டையை நோக்கி) அறுத்து 4 மில்லிமீற்றருக்குச் சீவி எடுத்துக்கொண்டு சனிக்கிழமை வாருங்கள். என்னிடம் ஒரு ஸ்புரூஸ் பலகை நான்கு வருடங்களாகச் சுவரில் சாய்ந்திருக்கிறது.