கரையிலிருந்து கெண்டை: வெறும் கொக்கி வருவது ஏன், சேற்று வாடை போவது எப்படி?

கேள்வி: சில மாதங்களாக ஏரிக்கரையில் உட்கார்ந்து கெண்டைக்குத் தூண்டில் போடுகிறேன். எவ்வளவு தூரம் வீசினாலும் சரியாகக் கொத்துவதில்லை. இரை காணாமல் போய் கொக்கி மட்டும் வெறுமையாக வருகிறது. எப்போதாவது சிக்கும் மீனைச் சமைத்தாலும் சேற்று வாடை, வாய்க்கு வாய் முள். வீட்டில் யாரும் தொடுவதில்லை. எங்கே தவறு?

பதில்: ‘எவ்வளவு தூரம் வீசினாலும்’ என்கிறீர்களே, அங்கிருந்தே தொடங்குகிறேன். கெண்டை பிடிக்கத் தூரம் தேவையில்லை. புழு, பூச்சிகளின் இளம்பருவம், நத்தை, உதிர்ந்த விதை என்று அது தின்பதெல்லாம் கரையோரத்தில்தான் அதிகம். தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்து, கரையில் சத்தமும் இல்லையென்றால் முழங்கால் ஆழத்துக்கே மேய வந்துவிடும். நீங்கள் அதன் தலைக்கு மேலே வீசி, மீன் இல்லாத நடு ஏரியில் இரையைப் போட்டுக்கொண்டிருக்கலாம்.

அதனால் போனதும் தூண்டிலை எடுக்காதீர்கள். அரைமணி நேரம் தண்ணீரைப் பாருங்கள். ஒரே இடத்தில் சிறு குமிழிகள் கொத்தாக மேலே வருகிறதா? தெளிந்த தண்ணீரில் திடீரென்று ஒரு திட்டு மட்டும் கலங்குகிறதா? காற்றே இல்லாதபோது கோரை அசைகிறதா? அடியில் கெண்டை சேற்றைக் கிளறுகிறது என்று அர்த்தம். காற்று சில மணி நேரமாக ஒரே பக்கம் வீசியிருந்தால், அலை மோதும் கரைக்குப் போங்கள். உட்கார வசதியில்லாவிட்டாலும் தீனி ஒதுங்குவது அங்கேதான். வெயில் காலத்தில் விடியலும் அந்தியும் நல்ல நேரம். குளிர் கூடினால் மீன் மந்தமாகி, தின்பதையும் குறைத்துக்கொள்ளும்.

நடக்கும்போது மெதுவாகக் கால் வையுங்கள். கெண்டையின் காற்றுப்பையிலிருந்து உட்காது வரை சின்னஞ்சிறு எலும்புகள் சங்கிலி போலத் தொடர்ந்து இருப்பதால் அதற்குக் கேட்கும் திறன் மிக அதிகம். பேச்சுச் சத்தம் பெரும்பாலும் காற்றோடு போய்விடும். ஆனால் கரையில் தொம்மென்று வைக்கும் வாளியும் ஓடும் காலடியும் மண் வழியாகத் தண்ணீருக்குள் போகும்.

சரி, கொக்கி வெறுமையாக வருவது ஏன்? கெண்டைக்குத் தாடையில் பல் கிடையாது, தொண்டைக்குள்தான் இருக்கிறது. அது இரையைக் கடித்து இழுப்பதில்லை. வாயைக் குழாய் போல் நீட்டி, சேறோடு சேர்த்து உறிஞ்சி, பிடிக்காததைத் துப்பிவிடும். இரைக்குள் ஒளிந்திருக்கும் கொக்கியைத் துப்புவது அதற்கு அன்றாட வேலை. கம்பு நுனி லேசாக ஆடுவதைப் பார்த்து நீங்கள் இழுப்பதற்குள் எல்லாம் முடிந்திருக்கும்.

இதற்கு வழி, இரையைக் கொக்கியில் குத்தாமல் கொக்கிக்கு வெளியே தொங்கவிடுவது. 1970களின் பிற்பகுதியில் இங்கிலாந்துத் தூண்டில்காரர்கள் கண்டுபிடித்த முறை இது. கொக்கியின் வளைவிலிருந்து இரண்டு மூன்று சென்டிமீட்டர் மெல்லிய நூல் தொங்க வேண்டும். அதில் வேகவைத்த மக்காச்சோளம் இரண்டு மணியைக் கோத்து, நழுவாமல் நுனியில் சிறு துரும்பைச் செருகுங்கள். சோளத்துக்கும் கொக்கிக்கும் நடுவே அரை சென்டிமீட்டர் இடைவெளி போதும். மீன் சோளத்தை உறிஞ்சும்போது வெறும் கொக்கியும் கூடவே உள்ளே போகும். துப்பும்போது கூர்முனை உதட்டில் மாட்டும். 60 முதல் 80 கிராம் வரை ஈயக்குண்டு போட்டால் அந்த எடையே கொக்கியைப் பதிய வைத்துவிடும், நீங்கள் சுண்டி இழுக்க வேண்டியதில்லை. ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: தூண்டில் நரம்பு (நைலான் இழை) அறுந்தால் குண்டு கழன்று விழும்படி கட்டுங்கள். குண்டை இழுத்துக்கொண்டே ஒரு மீன் செடியில் சிக்கிச் சாகக் கூடாது.

கொக்கி 6 அல்லது 8ஆம் எண், நரம்பு 0.30 முதல் 0.35 மில்லிமீட்டர். கரையிலிருந்து பிடிக்க இதற்கு மேல் தேவையில்லை.

இரை விஷயத்தில் நான் மக்காச்சோளத்தின் பக்கம். மண்புழுவைக் கெண்டை விரும்பித்தான் தின்னும், ஆனால் அதற்கு முன் சுற்றியிருக்கும் பொடி மீனெல்லாம் கொத்தித் தீர்த்துவிடும். காய்ந்த சோளம் என்றால் ஒரு நாள் முழுக்க ஊறவைத்து, நகத்தால் நசுங்கும் வரை வேகவையுங்கள். அரைகுறையாக வெந்தது மீனின் வயிற்றுக்குள் போய் ஊதி அதற்குக் கேடு செய்யும். கெண்டைக்கு இரைப்பை என்று தனியாக இல்லை. அதனால் கொஞ்சம் கொஞ்சமாக மேய்ந்துகொண்டே இருக்கும். வாளி நிறையக் கொட்டினால் உங்கள் இரையைத் தேடி வர அதற்கு அவசியமே இருக்காது. இரண்டு கைப்பிடி தூவுங்கள், ஒரு மீன் சிக்கிய பிறகு இன்னொரு பிடி.

ரீல் நரம்பைப் பிடித்து வைக்கும் இறுக்கத்தை, கையால் இழுத்தால் நரம்பு நழுவி ஓடும் அளவுக்குத் தளர்த்தி வையுங்கள். இறுக்கி வைத்துவிட்டு அந்தப் பக்கம் போனால் கம்பே தண்ணீருக்குள் போய்விடும். கரைக்கு வந்ததும் மீன் கடைசியாக ஒரு பாய்ச்சல் பாயும், அப்போதுதான் பலரும் கோட்டை விடுகிறார்கள். கைவலையைத் தண்ணீருக்குள் அசையாமல் பிடித்து, மீனை அதன் மேல் கொண்டுவாருங்கள். வலையைக் கொண்டு மீனைத் துரத்தாதீர்கள். முதுகுத் துடுப்பின் முதல் முள்ளில் ரம்பப் பல் இருக்கும், வெறுங்கையால் பிடித்தால் கிழித்துவிடும். ஈரத்துணி போட்டுப் பிடியுங்கள்.

இனி சமையல். சொல்லப்போனால் அதுவும் கரையிலேயே ஆரம்பிக்கிறது. எந்தத் தண்ணீர், எந்த மீன், பிடித்தபின் முதல் பத்து நிமிடம் என்ன செய்தீர்கள், இந்த மூன்றும் சரியில்லை என்றால் எந்த மசாலாவும் காப்பாற்றாது.

சேற்று வாடை வருவது சேற்றிலிருந்து அல்ல. நீலப்பச்சைப் பாசியும் மண்ணில் வாழும் சில நுண்ணுயிர்களும் ஜியோஸ்மின் என்ற பொருளை உண்டாக்குகின்றன. மழை பெய்ததும் வரும் மண்வாசனையும் அதுதான். மீன் அதைச் செவுள் வழியாக உறிஞ்சிக் கொழுப்பில் சேர்த்து வைக்கிறது. மிகமிகக் குறைந்த அளவையும் நம் மூக்கு கண்டுபிடித்துவிடும். உடம்புக்கு அது கெடுதல் இல்லை, ஆனால் உப்புநீரில் கழுவியெல்லாம் வெளியே எடுத்துவிட முடியாது. ஆகவே பாசி படர்ந்து தேங்கிய தண்ணீரை விட்டு, ஓட்டமுள்ள அல்லது தெளிந்த தண்ணீரைத் தேடுங்கள். பச்சைப் பெயின்ட் ஊற்றியது போல் பாசி மிதந்தால், அல்லது சாக்கடை, ஆலைக்கழிவு கலந்தால், அந்த மீனைத் தின்னவே வேண்டாம். அங்கே பிரச்சினை வாடை மட்டும் இல்லை.

உயிருள்ள மீனைச் சுத்தமான ஓடும் நீரில் சில நாள் வைத்திருந்தால் வாடை படிப்படியாகக் குறையும். மீன் வளர்ப்போர் செய்வது இதைத்தான். ஆனால் உயிருள்ள கெண்டையைக் கொண்டுபோக உங்கள் பகுதியில் அனுமதி உண்டா என்று முதலில் கேளுங்கள். கெண்டை அயல் இனமாகப் பெருகிவிட்ட சில இடங்களில், பிடித்ததைத் திரும்ப விடுவதும் குற்றம்.

தின்ன ஏற்றது ஒன்று முதல் இரண்டு கிலோ வரை. பெரிய மீனில் கொழுப்பும் அதிகம், வாடையும் அதிகம். பிடித்ததும் தலையில் ஓங்கி ஓர் அடி, உடனே செவுளை அறுத்து இரத்தம் வடியவிட்டு, ஐஸில் வையுங்கள். கயிற்றில் கோத்து வெதுவெதுப்பான தண்ணீரில் மணிக்கணக்காகத் தவிக்கவிடுவது மீனுக்கும் கொடுமை, சதையும் கெடும்.

வயிற்றைக் கீறும்போது கத்தியை ஆழமாக இறக்காதீர்கள். பித்தப்பை உடைந்தால் கசப்பு சதையில் ஏறிவிடும். இதைவிட முக்கியமானது, கெண்டையின் பித்தம் நஞ்சு. அதை மருந்தென்று விழுங்கிச் சிறுநீரகம் பழுதானவர்கள் உண்டு. வேகவைத்தாலும் அந்த நஞ்சு போகாது. முழுதாக எடுத்து எறிந்துவிடுங்கள்.

பிறகு தோலை உரியுங்கள். விலாப்பக்கம் நீளவாக்கில் ஓடும் கருஞ்சிவப்புச் சதையையும் வயிற்றுக் கொழுப்பையும் சீவி எடுங்கள். வாடையில் பெரும்பங்கு இந்த மூன்றோடு போகிறது. மிச்சத்துக்குப் புளிப்பு கைகொடுக்கும். எலுமிச்சை, வினிகர், புளி எதுவானாலும் சரி, அமிலம் ஜியோஸ்மினைச் சிதைக்கிறது. உப்பும் புளிப்பும் தடவி அரைமணி நேரம் வையுங்கள்.

முள்ளைப் பற்றி. விலா எலும்பு பெரிது, கண்ணுக்குத் தெரியும், உருவி எடுத்துவிடலாம். தொல்லை கொடுப்பது சதைக்குள் கவட்டை வடிவத்தில் மிதக்கும் நூறு முள். அவை முதுகுச் சதையிலும் வால் பக்கத்திலும்தான் இருக்கின்றன. வயிற்றுப்பகுதியில் விலா எலும்பை எடுத்துவிட்டால் பொடி முள் கிடையாது, ஆனால் கொழுப்பு அங்கேதான். தெளிந்த நீர் மீனென்றால் வயிற்றுத் துண்டைத் தயங்காமல் குழந்தைகளுக்குக் கொடுக்கலாம், முள்ளை மட்டும் கையால் ஒருமுறை தடவிப் பாருங்கள்.

முதுகுச் சதைக்கு வேறு உபாயம். இந்த ஒரு வேலைக்காக மட்டும் தோலை விட்டுவையுங்கள். தோல் கீழே இருக்க, மூன்று மில்லிமீட்டருக்கு ஒரு கீறலாக, தோல் வரை இறங்கி ஆனால் தோலை அறுக்காமல் நெருக்கமாகக் கீறுங்கள். கத்தி முள்ளின் மேல் கரகரவென்று போவது காதில் கேட்கும். மாவு தூவி, 180 டிகிரி எண்ணெயில் முழுக அமிழ்த்திப் பொரித்தால் துண்டுபட்ட முள் மொறுமொறுவென்று நொறுங்கிவிடும். குறைந்த எண்ணெயில் வதக்கினால் இது நடக்காது. எண்ணெய் கீறலுக்குள் போக வேண்டும். பொரியல் பிடிக்காதவர்கள் புளிப்புக் குழம்போடு பிரஷர் குக்கரில் நீண்ட நேரம் வேகவைக்கலாம், முள் மென்மையாகிவிடும். பச்சையாகவோ பாதி வேக்காட்டிலோ மட்டும் வேண்டாம். நன்னீர்க் கெண்டைகளில் ஈரல் புழு இருக்க வாய்ப்புண்டு.

வீட்டாரிடம் மறுபடி கொண்டுபோகும் முன் ஒரு சோதனை செய்யுங்கள். வால் பக்கத்துத் துண்டு ஒன்றை, உப்புக்கூடப் போடாமல், மூடிய கிண்ணத்தில் ஆவியில் வேகவையுங்கள். மூடியைத் திறந்த அந்த நொடியில் முகர்ந்து பாருங்கள். மண்வாடை குப்பென்று வந்தால் அந்த மீனைச் சமைத்து இன்னொரு முறை வீட்டாரின் பொறுமையைச் சோதிக்க வேண்டாம், அந்த ஏரியைச் சில வாரம் விட்டுவிட்டு வேறு தண்ணீர் பாருங்கள். வாடை இல்லையென்றால் முதல் நாள் பொரித்தே கொடுங்கள், குழம்பு அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.